தலையைத் திருப்பிப் பார்த்தால்

செப்டம்பர் 6, லெஸ்டர்

ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்க வழியில்லை. விளக்கைச் சுற்றி கிரேன் ஈக்கள். "இந்த ஊர்ல கொசுகூட இவ்ளோ பெரிசாங்க?" என்று மனைவி சோபாவின் மேலேயே ஏறிவிட்டாள். கொசு இல்லை, கடிக்கவும் கடிக்காது. பிடித்தால் காலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

இந்த மாதம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் டிபூலா பலுடோசா. அந்தப் 'பெரும்பாலும்'தான் தொல்லை. அச்சு அசலாக அதே போல டிபூலா ஒலெரேசியா என்று இன்னொன்று உண்டு, அதுவும் இதே நாட்களில் பறக்கும். லின்னேயஸ் ஒலெரேசியாவுக்குப் பெயர் வைத்தது 1758இல். பலுடோசாவுக்கு மெய்கன் பெயர் வைத்தது 1830இல். இரண்டுக்கும் அதே சாம்பல் பழுப்பு உடம்பு. இறக்கையின் முன்விளிம்பில் அதே பழுப்புப் பட்டை, அதை ஒட்டி அதே வெள்ளைக் கோடு.

செப்டம்பர் 9

பெண்ணென்றால் வேலை சுலபம். வயிற்றின் முனை கூராக இருக்கும். பலுடோசா பெண்ணுக்கு இறக்கை வயிற்றைவிடக் குட்டை. ஒலெரேசியாவுக்கு வயிற்றைத் தாண்டி நீளும். இன்று புல்தரையில் ஒன்று முட்டைப் பாரத்தோடு தத்தித் தத்திப் போனது. இறக்கைக்கு வெளியே வயிறு நீட்டிக்கொண்டிருந்தது. பலுடோசா, சந்தேகமே இல்லை.

ஆணிடம் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு இனத்து ஆண்களுக்கும் இறக்கை நீளம்தான்.

செப்டம்பர் 14

ஓர் ஆணை டப்பாவில் போட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். (தயிருக்குப் பக்கத்தில். வீட்டில் சொல்லவில்லை.) துடிப்பு அடங்கியதும் மல்லாத்தி, தலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். ஒலெரேசியாவுக்கு அங்கே இரண்டு கண்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். பலுடோசாவுக்கு நடுவில் நல்ல அகலமான இடைவெளி. என் டப்பாவில் இருந்ததற்கு இடைவெளி தாராளம்.

உணர்கொம்பின் கணுக்களையும் எண்ணலாம்: ஒலெரேசியாவுக்கு 13, பலுடோசாவுக்கு 14. புத்தகத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நுனிக்கணு மயிரிழை மாதிரி. ஒடிந்திருந்தால் பலுடோசாவே ஒலெரேசியா ஆகிவிடும். நான் கண்ணைத்தான் நம்புவேன்.

செப்டம்பர் 20

எதுவாக இருந்தால் என்ன என்று நண்பர் கேட்டார். புல்தரை வைத்திருப்பவர் கேட்கக் கூடாத கேள்வி. பலுடோசாவுக்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறை, கோடைக் கடைசியில். ஒலெரேசியாவுக்கு இரண்டு, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும். ஆகவே மண்ணுக்குள் புழு எப்போது சிறிசாக இருக்கும், மருந்து எப்போது பலிக்கும் என்பதே மாறிவிடும்.

லெதர்ஜாக்கெட் என்கிற அந்தப் புழுக்கள் புல்வேரைத் தின்பவை. 1935இல் லார்ட்ஸ் மைதானத்தையே மொட்டையடித்தன. அந்த ஆடுகளத்தில் தென்னாப்பிரிக்க லெக் ஸ்பின்னர் பாலஸ்காஸ் 9 விக்கெட் எடுக்க, அவர்கள் இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டார்கள். ஆட்ட நாயகன் விருதில் புழுவுக்கும் பங்கு தந்திருக்கலாம்.

செப்டம்பர் 27

கண்ணும் கைவிட்டால் ஆணின் வால்முனையில் உள்ள இனப்பெருக்க உறுப்புதான் கடைசித் தீர்ப்பு. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் இருந்த சார்லஸ் அலெக்சாண்டர் (1889–1981) இதையும் இறக்கை நரம்புகளையும் வரைந்து வரைந்தே 11,000க்கு மேற்பட்ட கிரேன் ஈ இனங்களை விவரித்தார். அவருக்குத் தென்னிந்தியாவிலிருந்து மாதிரிகள் அனுப்பியவர் காரைக்கால் பக்கம் குரும்பகரத்து சூசை நாதன். அந்தப் பொறுமைக்கு முன் என் ஃப்ரிட்ஜ் டப்பா எம்மாத்திரம்!

அக்டோபர் 2

ஷெட்டில் சிலந்தி வலையில் ஒன்று. தலை இல்லை, வயிறும் பாதிதான். இறக்கையில் பழுப்புப் பட்டையும் வெள்ளைக் கோடும் தெளிவாக இருந்தன. தேதியைப் பார்த்தால் பலுடோசா என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் தேதி ஓர் அடையாளம் ஆகாது. 'டிபூலா, இரண்டில் ஒன்று' என்று எழுதி வைத்தேன்.