முன்வாசலில் ஒட்டிய குறிப்பு



பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடையில் பணிபுரியும் ஒருவர், தம் மகளுக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தார். அதில் உபுண்டு லினக்ஸ் இயங்கியது. தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலும் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் எழுதும் செயலியில் தமிழ் வரவில்லை. "இந்தக் கணினிக்குத் தமிழ் வராது போலிருக்கிறது, டீச்சர். மகள் கட்டுரையைக் கையாலேயே எழுதட்டும்" என்றார். அந்தச் சொல்தான் என்னை வருத்தியது. கணினி தமிழுக்கு உரியதன்று என்று பத்து வயதுப் பிள்ளை முடிவு செய்துவிட்டால், அதை மாற்றுவது எளிதன்று.

காரணம் மிகச் சிறியது. ஐபஸுக்குத் தேவையான சூழல் மாறிகளை யாரோ 'பேஷ்_புரொஃபைல்' என்னும் கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்தால், பேஷ் அக்கோப்பைப் படிக்கும். நாம் நுழைவதோ படங்கள் நிறைந்த வரைகலைத் திரை வழியாக. அக்கணினியில் அதை நடத்துவது லைட்டிஎம் என்னும் நிரல். அது 'புரொஃபைல்' கோப்பைப் படிக்கும், 'பேஷ்_புரொஃபைலை'ப் படிக்காது.

நம் கடைவீடுகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தடிப் பாதையை ஒட்டிய முன்வாசலில் குறிப்பு ஒட்டினால், பின்சந்து வழியாக வருபவர் அதைக் காணமாட்டார். குறிப்பில் பிழையில்லை, ஒட்டிய இடந்தான் வேறு.

சிலர் அவ்வரிகளை 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுதச் சொல்வர். அது டெர்மினலிலிருந்து திறக்கும் நிரல்களுக்கு மட்டுமே பயன்படும். பட்டியலில் சொடுக்கித் திறக்கும் லிப்ரே ஆபீசுக்கு எட்டாது.

ஆகவே, வரிகளை 'புரொஃபைல்' கோப்புக்கு மாற்றினோம். இன்னொன்றும் உண்டு: 'பேஷ்_புரொஃபைல்' இருக்கும்வரை பேஷ் 'புரொஃபைலை'த் தானாகத் தேடாது. எனவே முன்னதில், பின்னதைப் படிக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தோம். இப்போது இரு வாசல்களிலும் ஒரே குறிப்பு. வெளியேறி மீண்டும் நுழைந்ததும் தமிழ் வந்தது. அம்மாணவி முதலில் தட்டியது தன் பெயரை. அடுத்துத் தன் தந்தையின் பெயரை.

பெற்றோர்களே, தமிழ் தெரியவில்லையென்றால் கணினியையோ மொழியையோ குறை கூறாதீர்கள். அமைப்பு எந்தக் கோப்பில் உள்ளது, பிள்ளை எந்த வழியாக நுழைகிறது என்று முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை