இன்னொரு டாக்டரைப் பார்த்தால் என்ன தப்பு?

இந்தத் தடவை கொஞ்சம் கூச்சமான விஷயம். மார்பில் வரும் கட்டி. கிளாஸ் பசங்க "இது நமக்கில்லப்பா" என்று ஓடிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் அம்மா, சித்தி, அக்கா எல்லாம் இருக்கிறார்கள். போதாததற்கு மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். நூறில் ஒன்று என்கிற அளவுக்கு அபூர்வம், ஆனால் வரும்.

நான் இருப்பது அமராவதி நகர். உடுமலையைத் தாண்டி, அணைக்குப் பக்கத்தில். எங்கள் பெரியம்மா (அம்மாவின் அக்கா) திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அங்கேயே லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவார்.

போன வருஷம் ஆடியில் வந்தபோது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. தெருமுனையில் இருந்த ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் சேலைக்கு மேலாகவே லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், ஒண்ணும் பண்ணாது" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்கேன் இல்லை, ஊசிப் பரிசோதனை இல்லை. "ஒண்ணும் பண்ணாது" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெரியம்மா இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். கட்டி கரையவில்லை. அதற்கு மேலே தோலில் சின்னதாக ஒரு குழி விழ ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிரலாமுங்க பெரியம்மா" என்றேன்.

"வேண்டாம் அம்மிணி. அவுரு கோச்சுக்குவாரு. நாளைக்குக் காச்சல் தலைவலின்னா அவுருகிட்டத்தானே போகோணும்?"

காரணம் அது மட்டும் இல்லை. லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். யாரோ தொட்டுப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். அதைவிடப் பெரியது, அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

எனக்கு அப்போது பெரியம்மாவின் வேலையே கை கொடுத்தது. திருப்பூரில் ஒரு டி-சர்ட் கப்பல் ஏறுவதற்குள் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்! தைத்துப் பிசிறு வெட்டியதும் ஒரு செக்கிங். அயர்ன் பண்ணின பிறகு இன்னொன்று. பெட்டி கட்டிய பிறகும் பையர் அனுப்பும் க்யூ.சி. ஆள் வந்து, சில பெட்டிகளைப் பிரித்து மறுபடி பார்ப்பார்.

"நீங்க ஓகே பண்ணுன பீஸை க்யூ.சி. மறுபடி எடுத்துப் பாத்தா உங்களுக்குக் கோவம் வருமா பெரியம்மா?"

"அதுல என்ன கோவம்? அது அவுங்க வேலை."

சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டார். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

கோவையில் ஒரு பெண் சர்ஜன். இரண்டு மார்பையும், இரண்டு அக்குளையும் நிதானமாகப் பரிசோதித்தார். மேமோகிராம், ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி வழியாகத் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். மார்புக் கட்டி என்றால் இந்த மூன்றும்தான் முறை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கையால் பரிசோதனை, படம், ஊசிப் பரிசோதனை. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் விடாமல் தோண்ட வேண்டும். நம்ம ஆடிட்டிங் பேப்பரில் வவுச்சர், பாஸ்புக், சரக்கு இருப்பு மூன்றையும் ஒத்துப் பார்க்கிற மாதிரிதான்.

ரிசல்ட் வந்தது. புற்றுநோய். கிட்டத்தட்ட 2 செ.மீ. அக்குளுக்குப் பரவவில்லை.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத மனசு வரவில்லை.

அடுத்த பிரச்சினை சொந்தக்காரர்கள். சர்ஜன், "கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுத்தாப் போதும்" என்றார். மாமாவோ, "முழுசா எடுத்துட்டாத்தான் நிம்மதி" என்றார். இந்தத் தடவை பெரியம்மாவே வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, இன்னொரு எடத்துல கேட்டுப் பாக்கலாமுங்களா?" எங்களுக்குத் திக்கென்றது. டாக்டர் முகம் மாறவே இல்லை. "தாராளமா கேளுங்க" என்று ரிப்போர்ட், படங்கள், லேப் கண்ணாடி ஸ்லைடு, மெழுகுக் கட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்தார். இரண்டாவது இடத்திலும் அதே பதில். மாமா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை :)

இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. பல காலமாக மார்பை முழுவதும் எடுப்பதுதான் சிகிச்சை என்று இருந்தது. அமெரிக்க சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷரின் குழு அதைச் சோதித்துப் பார்த்தது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 1985-ல் முடிவு வெளியிட்டார்கள். 20 வருஷம் தொடர்ந்து கவனித்துவிட்டு 2002-லும் அதையே சொன்னார்கள்.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளரின் கதை இன்னும் சுவாரசியம். அப்போது அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுத்து, கட்டியைச் சோதித்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்களாம். கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலேயே படுக்க வேண்டும். 1974-ல் தனக்குக் கட்டி வந்தபோது குஷ்னர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் சோதனை மட்டும், ரிசல்ட் தெரிந்த பிறகு யோசித்து முடிவு செய்வேன் என்றார். டாக்டர் மேல் டாக்டராக மறுத்தும் விடவில்லை. 1979-ல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, சோதனையும் ஆபரேஷனும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் ஒருவர்.

நம்ம ஊரிலும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்தது குடல் புற்றுநோய். அதை முதலில் சீதபேதி என்றே நினைத்துவிட்டார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மாறியது. அங்கே வாழ்நாள் முழுக்க உழைத்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் காலமானார். டாக்டர் வீட்டுக்கே முதல் கணிப்பு தவறியிருக்கிறது. லைன் வீட்டில் இருப்பவருக்குத் தவறாதா?

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை. புதிதாகக் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி... இதில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரியம்மாவுக்கும் வலிக்கவில்லை.

இன்னொரு டாக்டரிடம் எப்போது போகலாம்?

பரிசோதனை எதுவும் செய்யாமல் "ஒன்றுமில்லை" என்று சொன்னால். சொன்ன பிறகும் கட்டி போகாவிட்டால், மாறினால். ஊசிப் பரிசோதனை ரிசல்ட் வராமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்தால். மார்பை முழுசாக எடுக்க வேண்டும் என்று சொல்லி ஏன் என்று விளக்காவிட்டால்.

போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கு என்றே சிகிச்சை செய்கிறவராகப் பார்த்துப் போங்கள். பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது வேறு கதை, அதில் மாதங்கள் போய்விடும். இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால், ஏன் என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பல துறை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கேஸை அலசுவார்கள். அதற்கு வைக்கச் சொல்லியும் கேட்கலாம்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. போதுமான சர்வீசும் சந்தா நாட்களும் இருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் கூலியில் 80 சதவீதம், 2 வருஷம் வரை கிடைக்கும். கார்டு வைத்திருக்கும் பல பேருக்கு இது தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. நான்தான் ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். பி.காம். படித்ததற்கு முதல் பலன்!

ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப். மறுபடி வேலைக்குப் போகிறார். போன வாரம் போனில் பேசும்போது, பக்கத்து டேபிள் அக்கா ஒருத்தருக்குக் கட்டி இருப்பதாகவும், கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும் சொன்னார். யாராவது பார்த்துவிட்டால் என்ற பேச்சே இந்தத் தடவை வரவில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் திட்டுவார்கள். அப்புறம் சொல்வார்கள்.