வீட்டுக்கு ஒரே ஒரு சர்ட்டிஃபிகேட்!

இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்குப் போனவங்களுக்குத் தெரியும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் அடுக்கி வச்ச ஃபைல்ல இன்னொரு பேப்பரும் இருக்கும். 'முதல் பட்டதாரி' சான்றிதழ்! நிறைய பேர் அதைக் கொடுத்துட்டு அப்பவே மறந்திருப்பீங்க. எங்க வீட்டுலயோ அந்த ஒரு பேப்பருக்காகப் பஞ்சாயத்தே நடந்துச்சு.

2019. ப்ளஸ் டூ முடிச்சிருந்தேன். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. இன்ஜினீயரிங் ஃபீஸ்னு சொன்னாலே மனுஷனுக்கு முகம் மாறிடும். குடும்பத்தில் யாருமே டிகிரி வாங்காத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கவுன்சிலிங் மூலமா தொழிற்கல்வியில் சேர்ந்தா, கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை கொடுக்கும். 2010-ல் வந்த திட்டம். ஆனா ஒரு கண்டிஷன்... ஒரு குடும்பத்தில் ஒருத்தருக்குத்தான்!

விஷயம் அத்தை காதுக்குப் போச்சு. "ஏன் அண்ணி, பொட்டப்புள்ளைக்குப் போய் இதை வீணாக்குறீங்க? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. பையனுக்கு வச்சுக்கோங்க" என்றார். தம்பி அப்போ ஒன்பதாவது முடிச்சிருந்தான். அப்பா எதுவும் பேசலை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.

மறுநாள் காலையில் அம்மா என்னை இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் ஒவ்வொருத்தரும் என்ன படிச்சிருக்காங்கன்னு சொல்லணும். தாத்தா, படிக்கலை. பாட்டி, படிக்கலை. அப்பா, ஆறாவது. ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பின்னாடி நின்ன பையன் வேற எட்டிப் பார்த்தான். அம்மா மட்டும் கொஞ்சம் சத்தமாவே சொன்னாங்க: "எட்டாவது பாஸ்!"

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்த 'எட்டாவது'க்குக் காரணம் சொன்னாங்க. 1989-ல் தமிழக அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திருமண உதவித் திட்டம் கொண்டு வந்துச்சு. எட்டாவது வரை படிச்ச ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அஞ்சாவதோட அம்மாவை நிறுத்த இருந்த தாத்தா, அந்தப் பணத்துக்காக விட்டு வச்சாராம். எட்டாவது பாஸானதும் நிறுத்திட்டார். கடைசியில் கல்யாணம் அவசரமா முடிவானதால் மனுவே போடலை! "பணம் போனா போகுது. அதை நெனச்சாவது இன்னும் மூணு வருஷம் படிக்க விட்டாரே!" என்று சிரிச்சாங்க.

நான் பி.இ. சேர்ந்தேன். நாலு வருஷமும் ஃபீஸ் குறைஞ்சது.

2022-ல் தம்பி ப்ளஸ் டூ முடிச்சான். அவனுக்கும் இன்ஜினீயரிங் ஆசை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் அவன் கேட்ட பிரிவு கிடைக்கலை. முழு ஃபீஸ் கட்ட வசதி இல்லை. முதல் பட்டதாரி சலுகையைத்தான் நான் எடுத்தாச்சே! அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தான். ஒரு வார்த்தை குறை சொல்லலை. ஆனா அத்தை வரும்போதெல்லாம் நான் கிச்சனுக்குள் போயிடுவேன்.

அதே வருஷம் அந்தத் திருமண உதவித் திட்டம் 'புதுமைப் பெண்' ஆச்சு. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா, மாசம் 1,000 ரூபாய். அவ பேர்ல உள்ள பேங்க் அக்கவுன்ட்டுக்கே வரும். ஃபைனல் இயரில் எனக்கும் வந்துச்சு. முதல் எஸ்.எம்.எஸ்ஸை அம்மாகிட்ட காட்டினேன். "எனக்குக் கல்யாணத்துக்குன்னு சொன்னது, உனக்குப் படிப்புக்கு வந்திருக்கு" என்றார். அதுக்கு மேல பேச முடியலை. ரெண்டு பேருக்குமே!

2024 ஆகஸ்ட்டில் பசங்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்துச்சு. தம்பிக்கும் மாசம் 1,000. கடைசி வருஷம் பஸ், ஜெராக்ஸ் செலவுக்கு அவன் அப்பாகிட்ட கை நீட்டலை. இப்போ எம்.சி.ஏ. படிக்கிறான். ஃபீஸ், இந்த 'இன்னொரு வீட்டுக்குப் போறவ' சம்பளத்தில்!

ஆனாலும் மனசுல ஒரு முள் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அவன் கேட்ட படிப்பு அவனுக்குக் கிடைக்கலைங்கிறது நிஜம். 'வீட்டுக்கு ஒண்ணு'ன்னு அரசாங்கம் கொடுத்துடும். அது யாருக்குங்கிறதை வீடுதான் முடிவு பண்ணுது. எங்க வீட்டில் ஒரு எட்டாவது பாஸ் பொம்பளை முடிவு பண்ணினாங்க. எத்தனை வீட்டில் 'பையனுக்கு வச்சுக்கோ' ஜெயிச்சிருக்கும்?

உங்க ஃபைல்ல அந்தச் சான்றிதழ் இருந்தா ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதுக்காக உங்க வீட்டில் யார் விட்டுக் கொடுத்தாங்க, யார் சண்டை போட்டாங்கன்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க.