பேராதனைக்குப் போன பஸ்ஸில் ஓர் உம்மா

பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் ஊர்க்கிளை என்றால் வருடத்துக்கு ஒரு கூட்டம், ஒரு சஹன் புரியாணி, ஒரு குரூப் போட்டோ என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிழக்குக் கரையில் வாழும் பேராதனைப் பழைய மாணவர்களாகிய எங்களுடைய கிளையும் சில காலம் அப்படித்தான் இருந்தது. நோன்பு வந்தால் ஓர் இப்தார். பெருநாளைக்குப் பின் பெச்சுக்குப் பெச் கிரிக்கெட். யாராவது மௌத்தாகிவிட்டால் ஜனாஸா வீட்டுக்கு எல்லோருமாகப் போய் வருவோம். இவை நல்ல காரியங்கள்தாம். ஆனால் ஒரு ஹோட்டலில் வைத்த இராப்போசன விருந்தைப் பற்றி மட்டும் என்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. மூன்று மணித்தியாலப் பேச்சு. பெண்கள் இருந்த வரிசைக்கு மைக் வரவேயில்லை. வட்டிலப்பம் பரிமாறும்போதுதான் எங்களைத் தேடினார்கள்.

பிறகுதான் உருப்படியான வேலை ஒன்று தொடங்கியது. ஏ.எல். பெறுபேறு வந்தபின் வரும் இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகளுக்கு உதவுகின்றோம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 பேர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 பேர் மாவட்ட அடிப்படையிலும், 5 பேர் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிலும் எடுக்கப்படுகின்றார்கள். இது விளங்காமல் விருப்ப வரிசையை மாற்றி எழுதி, கிடைக்க வேண்டிய இடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதலாம் வருடம் போகும் பிள்ளைக்கு மெத்தை, வாளி, பஸ் காசு என்று கைமாற்றுக் கொடுக்க ஒரு சிறிய நிதியும் வைத்திருக்கின்றோம். எங்கள் மண்ணுக்கு இது புதிதல்ல. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இங்குள்ள பிள்ளைகளின் நிலையைக் கண்ணால் கண்டவர். முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியை அவர் 1945இல் தொடக்கி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒரு விஷயம் எங்களுக்கு விளங்கியது. பிள்ளைக்குப் புள்ளி போதும், பணமும் எப்படியோ சேர்ந்துவிடும். உம்மாவின் மனந்தான் சேராது. அந்த உம்மா பேராதனையைக் கண்டதில்லை. கண்டி என்றால் பெரஹரா, குளிர், தூரம். எனவே வருடாந்தச் சுற்றுலாவை இம்முறை நுவரெலியாவுக்குப் போடாமல் பேராதனைக்கே போடுவோம், தெரிவான பெண் பிள்ளைகளையும் அவர்களின் உம்மாமாரையும் ஏற்றிக்கொண்டு போவோம் என்று நாங்கள் நாலைந்து பெண்கள் சொன்னோம். ஆண்கள் சம்மதித்தார்கள். நுவரெலியாவை விடச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்!

இரவு ஒன்றரை மணிக்குப் பஸ் புறப்பட்டது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் உம்மாவும் மகளும். மகளுக்குக் கால்நடை மருத்துவம் கிடைத்திருந்தது. பக்கத்தில் ஒலுவில் இருக்கும்போது ஏன் பேராதனை என்று கேட்டு அந்த வீட்டில் ஒரு மாதமாகப் பஞ்சாயத்து. கேள்வி நியாயமானதுதான். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டதாரிப் பெண்ணைக் காண்கின்றோம். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்பதால் எத்தனையோ வாப்பாமார் சம்மதித்தார்கள். ஆனால் கால்நடை மருத்துவ பீடம் அங்கு கிடையாது. இலங்கை முழுவதற்கும் அது பேராதனையில் மட்டுந்தான்.

"மாட்டு டொக்டர் வேலை பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு டீச்சர்?" என்று அந்த உம்மா மெதுவாகக் கேட்டார். மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்களுடைய வளவிலேயே ஏழு மாடுகள் நிற்கின்றன என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அம்பாறை, உகணை, மகாஓயா. வழியில் ஒரு பள்ளிவாசலில் சுபஹு தொழுகைக்கு நிறுத்தினோம். பெண்களுக்கென்று ஓர் அறையைத் திறந்து விட்டார்கள். மகியங்கனை தாண்டி ஹசலக்கையில் பிளேன்டீ. அதன் பிறகுதான் பதினெட்டு வளைவு. பஸ் ஒவ்வொரு வளைவிலும் முக்கி முனகி ஏறும்போது, கீழே நாம் வந்த சமவெளி காலைப் பனியில் கடல்போல் விரிந்து கிடக்கும். எலுமிச்சம்பழம் கொண்டு வராதவர்கள் இங்கே கஷ்டப்படுவார்கள்.

வளைவு முடிந்ததும் பஸ்ஸின் பின்பக்கம் உற்சாகம் பிடித்தது. எந்தப் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர்கள் கூடினாலும் கடைசியில் பகிடிவதைக் கதைக்குத்தான் வந்து சேர்வார்கள். அன்றும் வந்தார்கள். யார் யாருக்குப் பயந்து ஒளிந்தார், யாரை எப்படி அழ வைத்தார்கள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த உம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அதிபர் ராத்தா எழுந்து நின்றார். "காக்காமாரே, இந்தப் பஸ்ஸில் நாளைக்குக் கெம்பஸ் போற புள்ளைகள் இரிக்கு. 1997இல் அங்கே ஒரு பொறியியல் மாணவன் பகிடிவதையால் மௌத்தானது உங்களுக்கு மறந்து போச்சா?" என்றார். பஸ் அமைதியாகிவிட்டது.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். 1998இல் பகிடிவதையைத் தடுக்கும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் சிறைத் தண்டனை உண்டு. அப்படியிருந்தும் நாட்டின் பல்கலைக்கழகங்களில் அது அடியோடு அழியவில்லை. "ஒன்றும் நடக்காது" என்று அந்த உம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறைப்பாடு எங்கே செய்வது, முதல் மாதத்தில் யாரை அழைப்பது, எந்த விடுதியில் எங்கள் ஊர்ப் பிள்ளை மூத்த வருடத்தில் இருக்கின்றாள் என்பதை ஒரு தாளில் எழுதி மகளின் கையில் கொடுத்தேன். அந்தக் கதைகளைச் சிரிப்பாகச் சொல்வதை நாம் நிறுத்தாத வரைக்கும், பிள்ளைகளை அனுப்பும்படி உம்மாமாரைக் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கின்றது?

தெல்தெனிய வந்தது. பழைய தெல்தெனிய நகரம் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. அடுத்து திகன. 2018 மார்ச்சில் இங்கே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நாமெல்லோரும் அறிவோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த உம்மா மட்டும் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார்.

ஒன்பது மணியளவில் கலஹா சந்தியில் திரும்பினோம். சகோதரிகளே, பேராதனைக்குள் நுழையும்போது முதலில் தெரிவது கட்டிடமல்ல, மரம். சுமார் 700 ஹெக்டயர் நிலம். ஒரு பக்கம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி. நீங்கள் ரொபரோசியா பூக்கும் காலத்தில் போனால் பாதையெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல்தான் இங்கே குடிவந்தது. கண்டிய முறைக் கூரைகளோடு இந்தக் கட்டிடங்களை வரைந்த கட்டிடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அதே 1952இல் காலமானார். தாம் வரைந்தவை எல்லாம் எழுந்து நிற்பதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விடுதி உண்டு. அதன் பெயர் அக்பர் மண்டபம். மொகலாய மன்னரின் பெயர் என்றே அந்த உம்மா நினைத்தார். அல்ல, அவர் உயர் நீதிமன்ற நீதியரசர் எம்.ரீ. அக்பர், இலங்கை மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா என்ற பெரிய வாதம் நடந்தபோது கண்டிக்காகப் பேசியவர்களில் ஒருவர். "அப்ப நம்மட ஆளும் இதுக்குள்ள இரிக்கார்" என்றார் அந்த உம்மா. பஸ் ஏறியதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் செனட் கட்டிடத்தின் முன்னால் படம் எடுக்கப் போய்விட்டார்கள். சரச்சந்திர திறந்தவெளி அரங்கின் படிகளில் இன்னொரு கூட்டம் உட்கார்ந்து பழைய கதை பேசியது. 1961இல் 'சிங்கபாகு' நாடகம் முதலில் மேடையேறியது இந்த அரங்கில்தான். சிங்களம் தெரியாத வயதில் நாங்களும் அங்கே இரவில் நாடகம் பார்த்திருக்கின்றோம். சொற்கள் விளங்காவிட்டாலும் பாட்டு விளங்கியது. தாவரவியல் பூங்காவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகின்றேன்.

பெண்களாகிய நாங்கள் போனது விடுதிப் பக்கம். ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்று பெண்கள் விடுதிகள் பல உண்டு. அனுமதி பெற்று ஒரு விடுதியின் பார்வையாளர் கூடம் வரைக்கும் போனோம். உம்மாமார் கேட்ட கேள்விகளை எந்தக் கையேட்டிலும் காண முடியாது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கின்றதா? இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள்? நோன்பு காலத்தில் சஹருக்கு என்ன செய்வார்கள்? வெந்நீர் வைக்கலாமா? ஓர் அறையில் எத்தனை பேர்? அங்கிருந்த மூன்றாம் வருட மாணவி ஒருத்தி ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். பேராதனையில் பள்ளிவாசல் உண்டு. மலையில் குறிஞ்சிக் குமரன் கோவில் உண்டு. விகாரையும் கிறிஸ்தவ ஆலயமும் உண்டு. முஸ்லிம் மஜ்லிஸ் பல காலமாக இயங்கி வருகின்றது. சஹர் விஷயத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னதும் இரண்டு உம்மாமாரின் முகம் தெளிந்தது.

எங்கள் உம்மாவின் முகம் தெளிந்தது அங்கேயல்ல, கால்நடை போதனா வைத்தியசாலையின் முற்றத்தில்தான். யாரோ ஒரு விவசாயி சுகமில்லாத பசுக்கன்று ஒன்றைச் சிறிய லொறியில் கொண்டு வந்திருந்தார். ஹிஜாப் அணிந்த ஒரு மாணவியும் இன்னொரு சிங்கள மாணவியும் அதைப் பிடித்திருக்க, விரிவுரையாளர் சோதித்துக்கொண்டிருந்தார். கன்று திமிறியது. உம்மா தன்னையறியாமல் கிட்டப் போய், "அப்படிப் புடிக்காதீங்க மகள், காதுக்குக் கீழே தடவுங்க" என்றார். மாணவி தடவினாள். கன்று நின்றது. விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "உங்கள் வீட்டிலும் மாடு இருக்கின்றதா என்று சேர் கேட்கிறார்" என்று மாணவி தமிழில் சொன்னாள். "ஏழு" என்று விரல் காட்டினார் உம்மா. போன வருடம் ஒரு பசு கன்று போட முடியாமல் செத்ததையும், டொக்டர் வருவதற்கு அடுத்த நாள் ஆனதையும் அவர் அப்போதுதான் சொன்னார்.

பகல் சாப்பாடு மகாவலிக் கரையில். வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சோற்றுப் பார்சலும் மாசிச் சம்பலும் பொரித்த மீனும். சாப்பிட்ட கையோடு கிளையின் அங்கத்தவர் பதிவேட்டை எடுத்தோம். அதில் பெண்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. 'திருமதி இன்னார்' என்று கணவரின் பெயர் இருக்கும். கணவர் பேராதனைக்கே போகாதவராக இருந்தாலும் பதிவேட்டில் அவர் பெயர்தான். எந்தப் பீடம், எந்த வருடம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். அன்று 23 பெண்கள் தங்கள் சொந்தப் பெயரையும் பீடத்தையும் பெச்சையும் தாங்களே எழுதினார்கள். அதில் ஒருவர் விஞ்ஞானப் பட்டதாரி. திருமணத்துக்குப் பின் ஒரு நாளும் வேலைக்குப் போகாதவர். பெயரை எழுதிவிட்டு, "சேட்டிபிக்கட் எங்க வெச்சேன் என்டுதான் தேடோணும்" என்றார். அவரைத்தான் அடுத்த சனிக்கிழமைகளில் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளின் மேசைக்குப் போட்டிருக்கின்றோம்.

திரும்பும் வழியில் ஹசலக்கை வரும் வரை எங்கள் உம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கல்முனையிலிருந்து கண்டிக்கு நேரே போற பஸ்ஸுக்கு என்ன காசு டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். வாப்பா கட்டாரில் இருக்கின்றார், அவர் இன்னும் சம்மதம் தரவில்லை. உம்மா நாளை லுஹருக்குப் பின் அவருக்குக் கோல் எடுத்துப் பேசுவதாகச் சொன்னார். மகள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த தாள் அவள் கையிலேயே இருந்தது.