"ஒண்ணும் பண்ணாது!"

சென்ற மாதம் என் தங்கை மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தங்கை வேலைக்குப் போகிறவள். அதனால் நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். ஹாலில் உட்கார இடமில்லை. இருமுகிற குழந்தைகள், தடுப்பூசி போட வந்த கைக்குழந்தைகள், ஊசியை நினைத்து இப்போதே அழுகிற குழந்தைகள் என்று ஒரே கூட்டம்.

அப்போது ஓர் அம்மாள் பேரனுடன் உள்ளே வந்தார். ஒரு கையில் பேரன். இன்னொரு கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன் நாய்!

அது தரையை முகர்ந்துகொண்டே ஒவ்வொரு குழந்தையின் காலருகிலும் போயிற்று. என் மடியிலிருந்தவன் வீறிட்டான். பக்கத்தில் இருந்த பச்சை உடம்புக்காரி தன் குழந்தையைத் துணியால் மூடி அணைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"பயப்படாதேடா கண்ணு. ரொம்ப சாது. ஒண்ணும் பண்ணாது!"

ஹாலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லார் முகமும் சுருங்கிப் போனதுதான் மிச்சம். நானும் முதலில் பேசவில்லை. கோபம் வராததால் அல்ல. அந்த 'ஒண்ணும் பண்ணாது' என்ற வார்த்தை ஒரு காலத்தில் என் வார்த்தை. அதற்கு நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. பெயர் மணி. நாட்டு நாயும் ஏதோ சீமை நாயும் கலந்த ஜாதி. ஒரு மழை நாளில் என் மகன் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்த குட்டி. "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று முதலில் கத்தியவள் நான்தான். ஒரே மாதத்தில், அதற்குப் பால் சோறு பிசைந்து வைக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்ற நிலைமை வந்துவிட்டது. நாய் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போகிற இடமெல்லாம் மணியும் வரும். மளிகைக் கடை, தையல் கடை, சாயங்காலம் பூங்கா. குழந்தைகள் சறுக்கு மரத்தில் விளையாடும்போது அது மணலில் புரளும். யாராவது ஒதுங்கினால், "ஒண்ணும் பண்ணாதுங்க, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பேன். ஒதுங்கியவர்களைப் பார்த்து, 'வாயில்லா ஜீவனிடம் இரக்கமில்லாதவர்கள்' என்று மனசுக்குள் திட்டியதும் உண்டு.

2022-ஆம் வருஷம் ஆவணி மாதம், என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் ஏற்பாடு. வீட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டோம். மணியைத் தனியே விட மனம் வரவில்லை. "வேண்டாம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்" என்றார் என்னவர். "நாள் பூரா அது அழுதுகிட்டே இருக்கும். ஒரு மூலையில கட்டிப் போட்டா போச்சு" என்று நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் கட்டினேன். ஒலிபெருக்கி அலறல், மேளம், வருகிறவர் போகிறவர் கால்கள், சமையல் கட்டின் வாசனை. மணி வாயை வாயை நக்கிக்கொண்டது, கொட்டாவி விட்டது, வாலை உள்ளே ஒடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டியது. 'பாவம், தூக்கம் வருகிறது' என்று நினைத்துக்கொண்டு, நான் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் அலறல்!

மாப்பிள்ளையின் அக்கா மகள், ஐந்து வயசுக் குழந்தை, கையில் அதிரசத்தோடு மணியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போயிருக்கிறது. மணி கையைக் கவ்விவிட்டது. புறங்கையில் இரண்டு பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வழிகிறது. பட்டுப் பாவாடையெல்லாம் ரத்தம்.

ஒரு பெரியம்மா மஞ்சள் பொடியோடு ஓடி வந்தார். இன்னொருவர் "சுண்ணாம்பு வையுங்க" என்றார். நல்ல வேளை, எங்கள் உறவில் ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள்தான் போட்ட சத்தத்தில் எல்லாரும் விலகினார்கள்.

"அத்தை, எதையும் வைக்காதீங்க! சோப்பு எங்கே? குழாயைத் திறங்க!"

அவளே குழந்தையைத் தூக்கிப் போய், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் இல்லை, கடிகாரத்தைப் பார்த்து முழுசாய்ப் பதினைந்து நிமிஷம். கட்டும் போடவிடவில்லை. நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

"போட்டிருக்கோம்" என்றேன். "கடைசியா எப்போ?" என்றார். அங்கேதான் நான் தலைகுனிந்தேன். குட்டியாக இருந்தபோது போட்டது. வருஷா வருஷம் போட வேண்டும் என்று கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை வீட்டில் எந்தப் பெட்டிக்குள் இருந்ததோ! தவணை தாண்டி ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

குழந்தையின் தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. அந்தப் பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரத்தம் வரும்படி கடித்ததால், காயத்தைச் சுற்றியே ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். அதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யச் சில நாள் ஆகுமாம். அதுவரை காவல் காப்பது இந்த மருந்து. அந்தப் பிஞ்சு புறங்கையில் ஊசி குத்தும்போது குழந்தை கதறிய கதறல் இருக்கிறதே... நான் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தோள்பட்டையருகே தடுப்பூசி. அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தவணை எழுதிக் கொடுத்தார்கள்.

"எங்க காலத்துல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்றார் என் மாமியார். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இப்போது வலி குறைவு, ஊசியும் குறைவு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் ஒன்று மாறவில்லை. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக யாருமில்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டால்தான் உண்டு.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நாய்க்கே நோய் தெரிந்துவிடுமாம். அந்தப் பத்து ராத்திரியும் நான் தூங்கவில்லை. மணி தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். நாத்தனார் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. முதல் பிரசவத்துக்கு முன்னால் இப்படி ஓர் அபசகுனத்தை உண்டாக்கிவிட்டேனே என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது.

பத்தாம் நாள் மணி வாலாட்டிக்கொண்டு நின்றது. அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். குழந்தையும் ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். புறங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. தெருவில் நாயைக் கண்டால் இன்றைக்கும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறாளாம்.

அப்புறம் மணியைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இவ்வளவு சாதுவான நாய் ஏன் டாக்டர் கடித்தது?" என்று கேட்டேன்.

"அது உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லுச்சு, நீங்க கேட்கலையே அம்மா" என்றார் அவர்.

பசியில்லாதபோது வாயை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, எல்லாமே 'எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை விடுங்கள்' என்று நாய் சொல்கிற பாஷையாம். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை. அதிலும் சின்னக் குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்துக்கே இருக்கும். கட்டிக்கொள்வது நமக்கு அன்பு. நாய்க்கு அது பிடிபட்ட மாதிரி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'ஒண்ணும் பண்ணாது' என்பது நம் வீட்டுக்குள் இருக்கிற நாயைப் பற்றி நமக்குத் தெரிந்த விஷயம். மண்டபத்துக்குள் இருக்கிற நாயைப் பற்றி நமக்கே தெரியாது. எதிரில் நிற்கிற குழந்தைக்கோ எதுவுமே தெரியாது.

கடிப்பது மட்டும்தானா? பூங்கா மணலில் மணியைப் புரளவிட்டேன் என்றேனே, அதுவும் தப்புதான். நாயின் மலத்தில், முக்கியமாகக் குட்டிகளின் மலத்தில், உருளைப்புழு முட்டைகள் இருக்கும். மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் அவை தொற்றக்கூடியதாக மாறி, மாசக் கணக்கில் கிடக்கும். மண்ணளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அபூர்வமாகக் கண்ணையே பாதிப்பதும் உண்டு. நாயின் கொக்கிப்புழுவோ வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறி, கோடு கோடாக அரிப்பைக் கொடுக்கும். நாய்க்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுப்பதும், அசுத்தம் செய்தால் உடனே காகிதத்தில் எடுத்து அப்புறப்படுத்துவதும், குழந்தைகள் விளையாடும் மணலுக்கு நாயைக் கொண்டு போகாமலிருப்பதும் வளர்க்கிறவர் பொறுப்பு. "நாய் பண்ணினதை நான் எடுக்கிறதா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நம் குழந்தைக்கு எடுக்கவில்லையா?

ஆஸ்பத்திரியில் வீஸிங் குழந்தைகள் இருப்பார்கள். நாய் முடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக் கடை, கல்யாண மண்டபம், வெறுங்காலோடு நடக்கிற கோயில் பிராகாரம், பத்துப் பேர் நெருக்கி நிற்கிற லிஃப்ட், இவையெல்லாம் நாய்க்குரிய இடமல்ல. ரயிலில்கூட முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கார்டு பெட்டியில் அதற்கென்று உள்ள கூண்டில்தான் அனுப்ப வேண்டும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவிலேயே இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைப் படித்திருப்பீர்கள். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. நம் நாயால் பிறர் உயிருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாவிட்டால், புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்துதானா நாம் ஒழுங்காக இருக்க வேண்டும்?

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாய் என்றாலே "கடிச்சிடும்" என்று பயமுறுத்தி வளர்க்காதீர்கள். "வளர்க்கிறவங்களைக் கேட்காம தொடக்கூடாது, சாப்பிடற நாய், தூங்கற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக்கூடாது, நாய் கிட்ட வந்தா ஓடாம மரம் மாதிரி அசையாம நில்லு" என்று சொல்லிக் கொடுங்கள். பல் பட்டாலும் நகம் கீறினாலும் மறைக்காமல் உங்களிடம் சொல்லும்படி பழக்குங்கள். 'அம்மா அடிப்பாள்' என்று மறைத்த குழந்தையை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். சோப்பு, ஓடுகிற தண்ணீர், பதினைந்து நிமிஷம், உடனே ஆஸ்பத்திரி. வளர்ப்பு நாயானாலும் இதுதான்.

சரி, டாக்டர் வீட்டு ஹாலுக்கு வருகிறேன். தங்கை மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து அந்த அம்மாளிடம் போனேன். ஊரறியச் சத்தம் போட்டால் அவருக்கு ரோஷம்தான் வரும். அருகில் நின்று மெல்லச் சொன்னேன்.

"அம்மா, எங்க வீட்டிலயும் நாய் இருக்கு. பாருங்க, உங்க நாய் கொட்டாவி விடுது, வாயை நக்குது. அதுக்கு இந்தக் கூட்டம் பயமா இருக்கு. வெளியில வேப்ப மரத்தடியில யாராவது பிடிச்சுக்கிட்டு இருந்தா அதுக்கும் நல்லது, இந்தப் பச்சைக் குழந்தைகளுக்கும் நல்லது."

அவர் நாயைக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "வீட்டில யாருமில்லேம்மா, அதான்... டிரைவர் இருக்கான், அவன்கிட்ட கொடுக்கறேன்" என்றார். "கதவை மூடின காருக்குள்ள மட்டும் வைக்கச் சொல்லாதீங்க, வெயில்ல உசிருக்கே ஆபத்து" என்றேன். சரியென்று நாயை வெளியே அழைத்துப் போனார். பச்சை உடம்புக்காரி குழந்தையின் மேலிருந்த துணியை விலக்கினாள்.

எங்கள் மணிக்கு இப்போது வயசாகிவிட்டது. வருஷா வருஷம் ஊசி போட்ட அட்டை பூஜை அலமாரியில், பிள்ளைகளின் ஜாதகத்தோடு இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மணி கொல்லைப் பக்கம். போன பொங்கலுக்கு நாத்தனார் வீட்டார் வந்தார்கள். அந்தக் குழந்தையும் வந்திருந்தாள். ஜன்னல் வழியாக மணியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணும் பண்ணாதா அத்தை?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலைம்மா. நீ இங்கேயே இருந்து பாரு" என்றேன்.