பேக்கப் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பியின் போனை நான் அழித்துவிட்டேன். கைதவறி அழிந்தது என்று சொல்ல வழியில்லை. திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்தேன். படித்த பிறகு என் விரலாலேயே எழுத்தெழுத்தாகத் தட்டி அழித்தேன். அதற்குப் பின் அவனிடம் போர்டு போய்விட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு அவனுக்குச் சேரவேண்டிய பணமும் போயிற்று. இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் இரும்பு வாழும் இடம். பழைய இரும்பை உருக்கி பில்லட் ஆக்கி, பில்லட்டைச் சூடாக்கி உருட்டிக் கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கும். உள்ளே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள். ஆலைக்கு அருகே தகரக் கூரை அறைகளில் ஷிஃப்டுக்கு ஒரு கூட்டம் தூங்கும். இங்கிருந்து கொல்கத்தா சாலையில் ஆரம்பாக்கம், தடா தாண்டினால் ஸ்ரீசிட்டி. 2015இல் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் சியோமி போன்கள் தயாராகத் தொடங்கின. அதற்குப் பிறகு எங்கள் ஆலையில் எந்தப் பையன் கையைப் பார்த்தாலும் ரெட்மிதான்.

அந்த ரெட்மிகளுக்குக் கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக வேறு ஆண்ட்ராய்டு, போட்டுக் கொடுப்பது என் பக்கவேலை. ரெட்மி நோட் 4 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2017 ஜனவரியில். கம்பெனி அதற்கு ஆண்ட்ராய்டு 7க்கு மேல் கொடுக்கவில்லை. ஆனால் போனுக்குள் இருந்த சிப் இன்னும் பல வருடம் உழைக்கக்கூடியது. சயனோஜென்மோட் என்ற கஸ்டம் ரோம் 2016 கடைசியில் நின்றுபோனபோது அதன் நிரலை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்து நடத்தியவர்கள், சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள். அவர்கள் புண்ணியத்தில் ஹேங் ஆகிக் கிடந்த போன்கள் என் கையில் எழுந்து நடந்தன. அது எனக்குப் பெருமையாக இருந்தது. "அண்ணாகிட்ட கொடு, சரியாயிடும்" என்று பையன்கள் சொல்லும்போது நான் அந்தப் பேச்சுக்கு ஆசைப்பட்டேன். என் தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2019இல் ஒரு நைட் ஷிஃப்டில் அந்தத் தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கூலிங் பெட்டில் கம்பி நகரும்போது கையுறை மாட்டிக்கொண்டது. அவன் காண்ட்ராக்ட் ஆள். சட்டத்தைப் பார்த்தால் அவனுக்குக் குறையே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் மாதாமாதம் பணம். காண்ட்ராக்டர் பதியாவிட்டால் ஆலை முதலாளி பதில் சொல்ல வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளிக்கு எங்கே வேலை, என்ன கூலி என்று எழுதி, போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. அப்படி ஒரு பாஸ்புக்கை எங்கள் ஆலையில் நான் கண்ணால் பார்த்ததில்லை. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. காயம்பட்ட பிறகே ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கண்ணில் பார்த்த தொழிலாளிகளைப் பற்றி, குருகிராம் பக்கத்து வாகன உதிரிபாக ஆலைகளை வைத்து 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு அறிக்கை அறிக்கையாக எழுதியிருக்கிறது.

ஆகவே அந்த இரவு அவன் ஆலைக்குள்தான் இருந்தான் என்பதற்கு அவனிடம் இருந்த ஆதாரம் போன் ஒன்றுதான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. ஒன்றில், இன்றைக்கு ஆள் குறைவு, நைட்டுக்கு வந்துவிடு என்று அரைகுறை இந்தியில் கூப்பிடுகிறார். இன்னொன்று விபத்துக்கு மறுநாள் வந்தது. வெளியே பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல், ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். டீக்கடையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து, இடது கையால் போனை என் காதருகே வைத்து இரண்டையும் போட்டுக் காட்டினான். நான் கேட்டேன். பொன்னேரியில் ஒரு வக்கீலிடமும் போயிருந்தான். அவர் சொன்னது ஒன்றுதான்: இந்த போனைத் தொலைத்துவிடாதே.

அந்த போன் ஹேங் ஆனது. பதிவைத் தொட்டால் கறுப்புத் திரை வந்து நிற்கும். அவன் வேறு யாரிடமும் போகவில்லை, என்னிடம்தான் வந்தான்.

"அண்ணா, சூப்பர்வைசர் பேசினது போகக்கூடாது."

"பேக்கப் எடுத்துட்டுதான் தம்பி கை வைப்பேன்."

செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் அது. முன்பு வைத்திருந்தவர் பூட்லோடர் பூட்டைத் திறந்து ரூட் செய்து, ரோம் மாற்றவும் பேக்கப் எடுக்கவும் உதவும் டிடபிள்யூஆர்பி ரிக்கவரியும் போட்டுவைத்திருந்தார். எனக்கு அது சுலபமாகத் தெரிந்தது. ரிக்கவரிக்குள் போனேன். பேக்கப் பக்கத்தில் பூட், சிஸ்டம், டேட்டா மூன்றையும் டிக் செய்தேன். கீழே இருந்த பட்டையை இழுத்தேன். கோடு ஓடி முடிந்து, வெற்றி என்று வந்தது. அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். "ஆச்சு" என்றேன்.

ஆகவில்லை. டேட்டா என்று டிக் செய்தால் ஆப்களும் அவற்றின் அமைப்புகளும் வரும். அந்த டேட்டாவுக்குள்ளேயே மீடியா என்று ஓர் அடுக்கு இருக்கிறது. போட்டோ, வீடியோ, டவுன்லோடு, வாட்ஸ்அப்பின் குரல் பதிவுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதை இந்த ரிக்கவரி பேக்கப்பில் சேர்ப்பதே இல்லை. சேர்ப்பதில்லை என்று பேக்கப் ஓடும்போதே திரையில் ஒரு வரியும் ஓடும். எனக்கு இது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் தெரியும்.

அடுத்த தவறு, பேக்கப் போய் உட்கார்ந்த இடம். அந்த போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். அவன் ஊர் நம்பர் ஒன்று, தமிழ்நாட்டு நம்பர் ஒன்று என்று இரண்டு சிம் போட்டிருந்தான். ஆகவே கார்டு இல்லை. பேக்கப் அதே போனின் உள் மெமரிக்குள் போய் உட்கார்ந்தது. வீட்டுச் சாமானை மூட்டை கட்டி அதே வீட்டின் கூடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குத் தீ வைக்கிற காரியம் அது. என் பையில் லேப்டாப் இருந்தது, கேபிள் இருந்தது, ஓடிஜி பென்டிரைவும் இருந்தது. மொத்தத்தையும் இழுத்து வெளியே வைக்க நேரம் பிடிக்கும், ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிடும் என்று விட்டேன்.

ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஐஎம்இஐ எண் இருக்கும் ஈஎஃப்எஸ் பகுதியை லேப்டாப்புக்குக் காப்பி எடுத்தேன். அது போனால் சிக்னல் வராது, போன் செத்தது போலாகும், என் பெயர் கெடும். என் பெயரைக் காப்பாற்றுவதற்கு வேண்டியதைப் பத்திரப்படுத்தினேன். அவன் கேட்டதைப் பத்திரப்படுத்தவில்லை.

புது ரோமைப் போட்டேன். லோகோ சுற்றிக்கொண்டே நின்றது. மீண்டும் ரிக்கவரிக்குப் போனால் உள் மெமரி பூஜ்யம் எம்பி என்று காட்டியது. குறியாக்கம் உடைந்தால் இப்படித்தான் காட்டும். உள்ளே எல்லாம் இருக்கும், திறக்கும் சாவிதான் பொருந்தாது. பழைய ரோமையே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம். போனை அணைத்து வைத்துவிட்டு, நிதானமாக விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம். நான் ஃபார்மட் டேட்டாவுக்குப் போனேன். ஆப், பேக்கப், படம், வீடியோ எல்லாம் அழியும், திரும்பப் பெற முடியாது என்று அந்தத் திரை சொல்லும். சும்மா தொட்டால் நடக்காது. கீபோர்டு விரிந்து, ஒய், இ, எஸ் என்று மூன்று எழுத்தைத் தட்டச் சொல்லும். ஒரு மனிதன் யோசிக்கட்டும் என்றே அதைச் செய்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். நான் தட்டினேன். போன் பளபளவென்று புதிதாக எழுந்து வந்தது.

குறியாக்கச் சாவி அழிந்த பிறகு எந்த மீட்பு மென்பொருளும் எதையும் மீட்காது. கூகுள் டிரைவில் வாட்ஸ்அப் பேக்கப் இல்லை. போன் விற்ற கடைக்காரர் தொடங்கிக் கொடுத்த ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் ஆராய்ந்தது ஃபார்மட் செய்த பிறகு.

காலையில் வந்தான். "மெமரி போர்டுல போயிடுச்சு தம்பி. பழைய போன். நான் தொடுறதுக்கு முன்னாடியே போயிருக்கும்" என்றேன். ஆலையில் எரிந்த பேனலைச் சரிசெய்கிற ஆள் சொன்னால் அவன் எதைக்கொண்டு மறுப்பான்? கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து முந்நூறு ரூபாயை இடது கையால் எடுத்து நீட்டினான். வேலை செய்த கூலி. நான் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் பெரிய குற்றம். அந்தக் குரல் பதிவுகளைக் கேட்ட இன்னொரு மனிதன் ஊரில் இருந்தான். அது நான். வக்கீலிடம் போய், இப்படி நடந்தது, அழித்தது நான், அதில் இருந்ததைக் கேட்டதும் நான் என்று சொல்லியிருந்தால் ஒரு சாட்சியாவது கிடைத்திருக்கும். சூப்பர்வைசர் நம்பரிலிருந்து வந்த சாதாரண அழைப்புகளின் பட்டியலைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வரவழைக்க நீதிமன்றம் மூலம் முயன்றிருக்கலாம். அப்போதைய உரிம விதிப்படி அந்தப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில்தான் அதை இரண்டு ஆண்டாக்கினார்கள். அந்த ஓராண்டும் நான் வாயைத் திறக்காமலே கழிந்தது. போர்டு போயிற்று என்றே அவனும் வக்கீலிடம் சொன்னான். போர்டு போனதற்கு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா? நான் வேலை பார்த்த ஆலைக்கு எதிராக நான் பேச வேண்டிய நிலையும் வரவில்லை. என் பொய் எனக்குச் செய்த உதவி அதுதான், பொய் சொல்லும்போதே அது எனக்குத் தெரிந்திருந்தது. பயந்தேன். எனக்கும் அங்கே சம்பளம் வந்துகொண்டிருந்தது.

காண்ட்ராக்டர் ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் ரேகை வாங்கினார். அவன் சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறிக் கஞ்சாம் பக்கம் ஊருக்குப் போய்விட்டான். போவதற்கு முன் என்னைத் தேடி வந்து சொல்லிக்கொண்டு போனான். அப்போதும் நான் சொல்லவில்லை.

பிற்பாடு ஒன்றைத் தெரிந்துகொண்டேன். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்றது. பதிவு இருக்கும் மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டேறிக் காட்டி நிரூபித்தால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொன்னது. அப்படியானால் நான் பேக்கப்பைக் குறையில்லாமல் எடுத்து, குறையில்லாமல் திரும்பப் போட்டிருந்தாலும் அவன் ஆதாரத்தின் பலத்தைக் குறைத்திருப்பேன். அந்த போனுக்கு வேண்டியிருந்தது கஸ்டம் ரோம் அல்ல. கேபிள் போட்டு உள்ளிருந்ததை வெளியே காப்பி எடுத்து, போனை அணைத்து, அப்படியே வக்கீல் கையில் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு என் கெட்டிக்காரத்தனம் தேவைப்பட்டிருக்காது. அதனால்தானோ என்னவோ அது எனக்குத் தோன்றவில்லை.

கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் திருவள்ளூரிலும் இன்றும் இந்த வேலை செய்கிற தம்பிகள் இருக்கிறீர்கள். போனை வாங்கியதும் அதில் போகக்கூடாதது எது என்று முதலில் கேளுங்கள். அதைப் போனுக்கு வெளியே எடுங்கள். எடுத்ததை லேப்டாப்பில் திறந்து, சொந்தக்காரரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேஸ், விபத்து, கூலிப் பாக்கி என்ற சொல் அவர் வாயில் வந்தால் ஃபிளாஷ் செய்யாதீர்கள். கைதவறிப் போய்விட்டால் அன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் பழைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. வலது கையில் இரண்டு விரல் இல்லாமல், 2019இல் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரைக் கஞ்சாம் பக்கம் யாருக்காவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்: போர்டு போகவில்லை, அழித்தது நான். சூப்பர்வைசர் பேசியதை நான் கேட்டேன். எந்த அதிகாரி முன்பும் எந்த நீதிமன்றத்திலும் வந்து அதைச் சொல்கிறேன்.