திறக்காத இன்ஜின்

ஒரு மனிதனைப் பற்றி அவன் மகனிடம் விசாரிப்பதைவிட அவன் ஓட்டிய மோட்டாரிடம் விசாரிப்பது மேல். மகன் கதை எழுதுகிறவனாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

என் தகப்பனாரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் அந்தப் பெயரில் செய்து விற்றார்கள். உருவத்தை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். அந்த வண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. மட்கார்டு, விளக்கு உட்பட முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். "ஒளிவு மறைவு இல்லாத வண்டியடா" என்பார் அப்பா.

2000-ஆம் வருஷம் அது புகை கக்கியது. அப்பா ஒரு பட்டறையில் பதினைந்து நாள் விட்டு வைத்தார். புதிதாய்ப் பச்சை வர்ணம் பூசிய இன்ஜினுடன் வண்டி திரும்பி வந்தது. "முழுசாகப் பிரித்துக் கட்டியாச்சு. பதினெட்டாயிரம் ஆச்சு" என்றார். அந்த நாளில் அது எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. ஒரு வருஷத்துக்குள் மறுபடி புகை. அண்ணா சண்டை போட்டான். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன்? பெற்ற பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்க, மோட்டாருக்குத் தீனி போட்ட ஒரு மனிதரைப் பற்றிக் கதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது. நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அப்பாவும் படித்தார். "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பா 2011-இல் காலமானார். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. போன வருஷம் பழைய இரும்புக்காரன் வாசலில் வந்து நின்றபோது எனக்கு மனம் வரவில்லை. புதுப்பேட்டையில் விசாரித்து ஒரு கிழ மேஸ்திரியை அழைத்து வந்தேன். நான் கல்லூரியை முழுசாகப் பார்த்தவனல்ல. அவர் பள்ளிக்கூடத்தையே பார்த்தவரல்ல. ஆகையால் ஒத்துப் போயிற்று.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே டீசலும் ஆயிலும் ஊற்றி நான்கு நாள் ஊற வைத்தோம். பிறகு ராக்கர், எட்டுத் தள்ளுகம்பிகள், ஹெட், அடியில் ஆயில் தொட்டி என்று வரிசையாகக் கழற்றினோம். ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு அந்தக் கம்பிகளை வரிசை மாறாமல் குத்தி வைக்கச் சொன்னார் மேஸ்திரி. "ஒவ்வொண்ணும் தன் ஜோடியோடு தேய்ஞ்சு பழகினது தம்பி. மாத்திப் போட்டா ஒத்துக்காது."

சிலிண்டரின் மேல் விளிம்பில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். படிக்கட்டு மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டது. ரிங்குகள் ஏறித் திரும்புகிற இடத்தில் சூடு அதிகம், ஆயில் குறைவு. தேய்மானமும் அங்கேதான் அதிகம். ரிங் எட்டாத விளிம்பு மட்டும் பழைய அளவில் நின்றுவிடும். அந்த மேட்டைச் சுரண்டி எடுத்த பிறகே பிஸ்டன்களை மேலே தள்ளினோம்.

ஒரு பிஸ்டனை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தார். பேரிங்கையும் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் பிரிச்சுக் கட்டினதுன்னு யார் சொன்னது?"

"எங்கப்பா."

"சிலிண்டரைக் கடைஞ்சிருந்தா பிஸ்டன் பெரிசா இருக்கணும். ஆயிரத்தில் இருபது, முப்பதுன்னு முத்திரை இருக்கும். இது கம்பெனி போட்ட அளவு. பேரிங்கும் அப்படியே. இந்த இன்ஜினை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் திறக்கலே."

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் சிநேகிதனுக்குச் சீட்டிலே ஜாமீன் கையெழுத்துப் போட்டாயே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சிநேகிதன் ஊரைவிட்டுப் போனான். சீட்டுக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், அப்புறம் வரவில்லை. அவனே கட்டிவிட்டான் என்று இத்தனை வருஷமாய் நம்பியிருந்தேன்.

"உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டிலே இருக்க விடமாட்டான்னு பயந்தார். சொல்லக் கூடாதுன்னு என்னிடம் சத்தியம் வாங்கிண்டார். பட்டறையிலே வர்ணத்துக்கு மட்டும் முந்நூறு ரூபாய் கொடுத்தாராம்."

"நான் எழுதின கதையைப் படித்தபோதாவது சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். கதை நன்னா வந்திருக்கு, அவன் எழுதட்டும்னார்."

மறுநாள் காலையில் வால்வுகளுக்கு அரைக்கும் பசை தடவி, மத்துக் கடைவது போல் உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு வால்வுகளையும் நானே அரைத்தேன். மேஸ்திரி உதவிக்கு வந்தபோது வேண்டாமென்றேன். சிலிண்டர்களைக் கடையக் கொடுத்து, பெரிய பிஸ்டன் வாங்கி, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக முடுக்கினோம். இந்த முறை உண்மையாகவே பிரித்துக் கட்டியது. செலவு எவ்வளவு என்று அண்ணா டெலிபோனில் கேட்டான். முதலில் தொகையைச் சொன்னேன். பிறகு 2000-ஆம் வருஷத்துப் பதினெட்டாயிரம் எங்கே போயிற்று என்பதையும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "வண்டி எப்போது ஓடும்?" என்றான்.

பிளக் கம்பிகளை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் மாட்டியதும் இரண்டாவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. புது ரிங்குகள் படியும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. அம்மா முன் ஆசனத்தில் உட்கார்ந்து வருகிறாள்.

அந்தக் கதையை என் தொகுதியிலிருந்து நீக்கிவிடலாமா என்று பதிப்பாளரைக் கேட்கப் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். அப்பாவுக்குப் பிடித்திருந்த கதை அது. இருக்கட்டும். அதைப் படித்தவர்கள் இதையும் படித்துவிட்டால் போதும்.